ஆயுத பூசையன்று பொரித்த ஈக்கள்

ஈக்களுக்குச் சமைப்பது என் வேலை. கல்லூரியில் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் ஒரு நீண்ட அறை இருந்தது. அதில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு பெரிய ஈயப் பாத்திரம், பஞ்சால் வாய் அடைத்த கண்ணாடிப் பாட்டில்கள் அடுக்கிய அலமாரிகள். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து போட்டு, ரொட்டிக் கடை நொதியைத் தூவி, எல்லாம் இறுகுவதற்கு ஜப்பானிலிருந்து வரும் கடற்பாசிச் சரக்கைச் சேர்க்க வேண்டும். யுத்தத்தில் ஜப்பான் எதிரியான பிறகு அந்தச் சரக்கு நின்றுவிட்டது. அதற்குப் பதிலாகக் கேழ்வரகு மாவைக் களியாகக் கிண்டினேன். களி இரண்டு நாள் நன்றாக இருக்கும். அப்புறம் ஓரங்களில் நீர் விட்டு இளகும். கவனிக்காவிட்டால் ஈக்கள் அதில் விழுந்து சாகும். கவனித்தாலும் சாகும்.

பகலில் இந்த வேலை. மாலையில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு அரிசி மண்டியின் மாடியில் நடக்கும் வகுப்புக்குப் போவேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் ஒரு முறை தவறியவன் நான். இங்கிலீஷ் வாத்தியார் எதையாவது தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகச் சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்தது ஈதான், ஆகவே ஈயைப் பற்றி எழுதினேன். சரியாக எழுதுகிறேனா என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. என் சட்டையில் வெல்ல வாடை போகாததால் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

அறையில் ஆராய்ச்சி செய்தவர் சென்னியப்பன் சார். மல்லசமுத்திரத்துப் பக்கம் நிலக்கடலையும் சோளமும் போடும் குடும்பம். அதில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர். பகலில் மாணவர்களுக்குத் தவளை அறுத்துக் காட்டுவார், மிச்ச நேரமெல்லாம் ஈ. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிக்கொண்டிருந்த ஆராய்ச்சியில் கேள்வி ஒன்றுதான். செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டிகளில் மொய்க்கிற பழ ஈயும், ஏற்காட்டில் உதிர்ந்த ஆரஞ்சுப் பழங்களில் மொய்க்கிற பழ ஈயும் ஒரே இனமா? அல்லது எப்போதோ ஒன்றாக இருந்து, மலையும் சமவெளியுமாகப் பிரிந்து, இப்போது இரண்டு இனங்களாகிக்கொண்டிருக்கின்றனவா?

பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் எது மலை ஈ, எது கீழ் ஈ என்று சாருக்கே தெரியாது. கண்டுபிடிக்க ஒரே வழி கலப்பு. கீழ்ப் பெண்ணுக்கு மலை ஆணைச் சேர்த்து, பிறக்கும் மகன்களுக்குச் சந்ததி உண்டா என்று பார்க்க வேண்டும். மகன்கள் மலடாக இருந்தால் பிரிவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆனி மாதத்தில் சார் சில பாட்டில்களில் செய்து பார்த்தார். மகன்கள் எல்லாம் மலடு. அன்று சார் தமது மேஜையைத் தாமே துடைத்தார். சென்னைப் பேராசிரியர் மகிழ்ச்சி தெரிவித்து எழுதிவிட்டு, இத்தனை சிறிய கணக்கை யாரும் ஏற்க மாட்டார்கள், பெரிதாகத் திரும்பச் செய்யுங்கள் என்றும் எழுதினார். கார்த்திகைக்குள் ஆராய்ச்சிக் கட்டுரை சென்னைக்குப் போயாக வேண்டும். கார்த்திகையில் அறையும் போய்விடும். ரேஷன் அலுவலகத்துக்கு இடம் வேண்டும் என்று கல்லூரியைக் கேட்டிருந்தார்கள். பெரிய கலப்பு ஒன்று சரியாக நடந்தால் சாருக்குப் பட்டம். இல்லாவிட்டால் ஊருக்குப் போய்க் கடலை போட வேண்டியதுதான் என்று அவரே சொல்லுவார்.

கலப்பில் கடினமானது கன்னிப் பெண்ணைப் பிரிப்பது. ஈ கூட்டிலிருந்து விடிகாலையில் வெளிவரும். வந்த சில மணி நேரம் வரை பெண் ஆணை அண்டவிடாது. அதற்குள் அதைத் தனியாக எடுத்துவிட வேண்டும். தவறினால் கூடப் பிறந்த அண்ணன் தம்பிகளோடேயே சேர்ந்துவிடும். அதன் பின் எந்த மலை மாப்பிள்ளையை விட்டாலும் பிறக்கும் பிள்ளை யாருடையது என்று சொல்ல முடியாது. அப்போதுதான் வெளிவந்த ஈ வெளுத்து, மெலிந்து, ஆணா பெண்ணா என்று தெரியாமல் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் வைத்துத்தான் பிரிக்க முடியும். சாரும் நானும் காலையில் ஒரு முறை, உச்சியில் ஒரு முறை பாட்டில்களைக் காலி செய்து, ஈதர் காட்டி மயக்கி, இறகுக் குச்சியால் பெண்களை ஒரு பக்கம், ஆண்களை ஒரு பக்கம் ஒதுக்குவோம். கழுத்து இறுகிப் போகும்.

அறையின் பியூன் ஆண்டியண்ணனுக்கு இதைப் பார்க்க ஒரே வேடிக்கை. "எங்கூட்டுல வயசுக்கு வந்த புள்ளைய இத்தனை காவல் காத்ததில்லீங்க சாமி" என்பார். அவர் என்னையும் சாமி என்பார், சாரையும் சாமி என்பார், கூண்டுக்குள் இருக்கும் முயலையும் சாமி என்பார்.

மலை ஈக்கு இந்த ஊர் வெயில் ஆகாது. அவற்றின் பாட்டில்களை ஈர மணல் நிரப்பிய பானைகளுக்குள் வைத்து, பானைக்குத் தினமும் தண்ணீர் தெளித்து வந்தேன். ஆவணியில் பூஞ்சணம் பிடித்துப் பாதி போயிற்று. மிச்சம் இருந்ததில் பெரிய கலப்புக்குப் போதுமான ஆண்கள் கிடைக்கும், அதற்கு மேல் கிடைக்காது என்று சார் சொன்னார். கீழ் ஈக்களின் பாட்டில்களைச் சார் நாள் பார்த்து வைத்தார். அவர் கணக்குப்படி விஜயதசமிக்கு மறுநாள் அவை பொரிக்க வேண்டும்.

புரட்டாசி வெயில் அந்த வருஷம் சித்திரை வெயில் போல அடித்தது. சூடு ஏறினால் ஈ சீக்கிரம் வளரும். சாருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு சீக்கிரம் என்பது இருவருக்கும் தெரியவில்லை.

ஆயுத பூசையன்று நான் வரும்போதே ஆண்டியண்ணன் அறையைக் கழுவி விட்டிருந்தார். கதவுக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தது. நடு மேஜையில் வெள்ளை வேட்டி விரித்து அதன்மேல் மைக்ராஸ்கோப்பை வைத்து, குழாயில் சந்தனம் பூசிக் குங்குமம் இட்டு, செவ்வந்திச் சரம் சுற்றியிருந்தார். சுற்றிலும் தராசு, கத்திரி, கத்திகள், கைலென்ஸ், ஈதர் புட்டி, என் களிக் கரண்டி. எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டு. வருஷா வருஷம் நடப்பதுதான். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூசை முடியும் வரை யாரும் தொடக் கூடாது. தறிக்காரர் தறியைத் தொட மாட்டார், வண்டிக்காரர் வண்டியை ஓட்ட மாட்டார். எங்கள் அறையிலும் அன்று ஒன்றும் செய்ய மாட்டோம்.

பூசைக்குச் சாரின் தாயார் வந்திருந்தார்கள். பாவாயி என்று பெயர். மல்லசமுத்திரத்திலிருந்து பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் ஓடும் பஸ்ஸில் வந்ததால் சேலையெல்லாம் புகை வாடை. மடியில் பொரியும் கடலையும் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். மகன் வேலை செய்யும் இடத்துக்கு அவர்கள் வந்தது அதுதான் முதல் தடவை. அலமாரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஊட்டுல ஓட்டற ஈதானே கண்ணு" என்று மட்டும் கேட்டார்கள்.

நான் அலமாரியைத் துடைக்கப் போனபோதுதான் பார்த்தேன். கீழ் ஈப் பாட்டில்களில் கண்ணாடியெல்லாம் வெளுத்த ஈக்கள். இன்னும் சிறகு விரியாதவை சில, விரித்து நடப்பவை பல. கணக்குக்கு முன்னாலேயே பொரித்துவிட்டன. சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார்.

மைக்ராஸ்கோப் இல்லாமல் பிரிக்க முடியுமா என்று கேட்டார். நான் என் கண்ணால் முயன்று பார்த்தேன். வயிற்று நுனியில் கறுப்பு ஏறினால்தான் ஆண் என்று தெரியும். இவற்றுக்குக் கறுப்பு இன்னும் ஏறவில்லை. எனக்கு எல்லாம் பெண்ணாகவே தெரிந்தன. அதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

சார் நடு மேஜைப் பக்கம் போனார். ஆண்டியண்ணன் கற்பூரத் தட்டோடு நின்றார். அவர் தட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். மாலையைக் கழற்றிச் சந்தனத்தைத் துடைத்து எடுத்துக்கொள்ள சாருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவருக்குப் பூசையில் பெரிய நம்பிக்கை கிடையாது. எடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். கை நீட்டினார் என்றே நினைக்கிறேன். அதற்குள் தாயார் மைக்ராஸ்கோப்பின் முன் வந்து கண்ணை மூடிக் கும்பிட்டார்கள்.

"எம் மவனுக்குச் சோறு போடற ஆயுதம். ஒரு கொறையும் இல்லாம வெச்சுக்கோணும் தாயே" என்றார்கள்.

பிறகு மடியிலிருந்து பொரியை எடுத்து அதன் அடியில் கொட்டி, அதன் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சார் நீட்டிய கையால் தட்டிலிருந்து திருநீறு எடுத்து இட்டுக்கொண்டார். என் பக்கம் திரும்பி, "நாளைக்குப் பாத்துக்கலாம் சின்னராஜ்" என்றார். தாயார் பொரியை எனக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்தார்கள். நான் அதைத் தின்றுகொண்டே பாட்டில்களைப் பார்த்தேன். வெளுத்தவை கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டிருந்தன.

மறுநாள் மறுபூசை ஆனதும் கற்பூரம் அணையும் முன்பே சார் மைக்ராஸ்கோப்பைக் கையில் எடுத்துவிட்டார். குழாயில் சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. வெளுத்த பெண்கள் மட்டும் போதும், அவை இன்று காலையில் வந்தவை, கன்னியாகத்தான் இருக்கும் என்றார். வெளுத்தவை போதவில்லை. முக்கால்வாசி முந்தின நாளே பொரித்து முடிந்திருந்தது. மிச்சக் கூடுகள் இளகிய களியில் அமிழ்ந்து கிடந்தன. அதனால் லேசாக நிறம் ஏறியவற்றையும் எடுத்தோம். லேசாக என்பது எதுவரை என்று எனக்குச் சந்தேகம். ஒவ்வொன்றையும் சாரிடம் காட்டிக் கேட்டேன். முதலில் பார்த்துச் சொன்னார். பின்னால் பார்க்காமலே தலையாட்டினார். அவருக்கும் அலுத்துவிட்டது. பெண்களைச் சில நாள் தனியே வைத்து முட்டையிலிருந்து புழு வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சேர்ப்பதுதான் முறை. மலை ஆண்கள் தினமும் செத்துக்கொண்டிருந்தன. அதுவரை தாங்காது என்று அன்றே சேர்த்துவிட்டோம். எந்தப் பாட்டிலுக்கு வெளுத்தது போயிற்று, எதற்கு நிறம் ஏறியது போயிற்று என்று யாரும் குறிக்கவில்லை. சார் குறிப்பார் என்று நான் நினைத்தேன். நான் குறிப்பேன் என்று அவர் நினைத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் மழை. ஐப்பசி அடை மழையில் பஞ்சு அடைப்புகள் ஈரமாகிப் பூஞ்சணம் ஏறியது. மலை ஈக்களின் கடைசிப் பாட்டில் போயிற்று. சார் அதைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கொல்லையில் கொட்டச் சொன்னார். கலப்பில் பிறந்த மகன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புதிதாகப் பிரித்த கன்னிப் பெண்களோடு விட்டோம். காலையில் களியின்மேல் புழு நெளிகிறதா என்று பார்ப்பது என் வேலை. புழு இல்லாவிட்டால் மலடு, நல்லது. முதல் சில பாட்டில்களில் இல்லை. எனக்குச் சந்தோஷம். அடுத்ததில் களி முழுக்க வெள்ளை வெள்ளையாக நெளிந்தது. அதற்கடுத்ததிலும். கடைசியில் பார்த்தால் புழு வந்தது பாதிக்கு மேல்.

அன்று மாலை நான் வகுப்புக்குப் போகவில்லை. சார் ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு எல்லாப் பாட்டிலையும் எழுதினார். வெகு நேரம் பார்த்துவிட்டு, புழு வந்த பாட்டில்களின்மேல் ஒரு கோடு இழுத்தார். அந்த மகன்களைப் பெற்ற பெண்கள் கன்னி அல்ல, ஆகவே அவை கணக்கில் வரக் கூடாது, மிச்சத்தை மட்டும் நல்ல காகிதத்தில் எழுதிக் கொண்டுவா என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. கோடு இழுத்ததை விட்டுவிட்டுப் பார்த்தால் அழகான கணக்கு. எல்லா மகனும் மலடு. பட்டத்துக்கு அது போதும். வீட்டில் உட்கார்ந்து சுத்தமாக எழுதினேன்.

காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் எழுதியதை வாங்கி வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"இந்த மகன்களைப் பெத்தது கறுத்த பொண்ணுங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"புழு வந்துச்சுங்களே சார்."

"புழு எதனால வந்துச்சு?"

"கறுத்த பொண்ணுங்களைப் போட்டதனால."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது. சார் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு அல்ல.

"ராத்திரி பூரா நானும் இதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார். "ஒருவேளை ரெண்டும் ஒரே இனமாவே இருந்தா? ஆனியில வந்ததுதான் தப்பா இருந்தா? அப்பவும் இதே புழு வரும் சின்னராஜ். எல்லாப் பாட்டில்லயும் மலடா வந்திருந்தா, பொண்ணு கறுத்ததான்னு நாம கேட்டிருப்பமா?"

கேட்டிருக்க மாட்டோம். ஆனால் எனக்கு அவர் பட்டம் வாங்க வேண்டும். ஆனி மாதத்துக் கணக்கு இருக்கிறதே, சென்னையிலிருந்து யார் வந்து பார்க்கப் போகிறார்கள், சந்தேகப்பட்டதை விட்டதாக ஒரு வரி எழுதிவிடலாமே என்று என்னால் முடிந்தவரை சொன்னேன். என் பேச்சு எனக்கே வக்கீல் பேச்சு போல இருந்தது. சார் பொறுமையாகக் கேட்டார். ஒரு கட்டத்தில் தலையை மேஜையில் சாய்த்துக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

பிறகு எழுந்து, கோடு இழுத்தவற்றையும் சேர்த்து எல்லாப் பாட்டிலையும் மறுபடி எழுதினார். கீழே இங்கிலீஷில் சில வரிகள். என்ன என்று கேட்டேன். பெண்களைப் பிரிக்க வேண்டிய நாளில் கருவி கிடைக்கவில்லை, ஆகவே இவை கன்னி என்று உறுதி சொல்ல முடியாது, இந்தக் கலப்பிலிருந்து எந்த முடிவும் எடுப்பதற்கில்லை என்று எழுதியதாகச் சொன்னார். கருவி ஏன் கிடைக்கவில்லை என்று எழுதவில்லையா என்றேன். அதை எப்படி எழுதுவது என்று அவர் திருப்பிக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இங்கிலீஷ் வாத்தியாரைக் கேட்டாலும் தெரிந்திருக்காது.

சென்னையிலிருந்து பதில் சீக்கிரமே வந்தது. முடிவில்லாத ஆராய்ச்சியைப் பட்டத்துக்கு அனுப்ப வேண்டாம், இன்னொரு வருஷம் செய்யுங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். இன்னொரு வருஷத்துக்கு அறை இல்லை, மலை ஈ இல்லை. சார் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தார்.

அறையைக் காலி செய்யும் நாளில் தாயார் மகனை அழைத்துப் போக வந்தார்கள். ஆண்டியண்ணன் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தாயாருக்கு வருத்தம் இருந்தது, ஆனால் அதைக் காட்டவில்லை. காலியான பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள்.

"கடைசியா அது என்னதான் கண்ணு? மலையில இருக்கறதும் கீழ இருக்கறதும் ஒண்ணா, வேறயா?"

"தெரியலீங்க ஆத்தா."

"இத்தனை வருசம் பாத்துமா தெரியல?"

"பாக்க வேண்டிய அன்னைக்குப் பாக்காம உட்டுட்டனுங்க."

ஆண்டியண்ணன் கழுவுவதை நிறுத்தினார். நான் துணியைப் பிழிந்தபடியே நின்றேன்.

"ஏஞ்சாமி," என்றார்கள் தாயார், மகன் உடம்புக்கு முடியாமல் கிடந்துவிட்டானோ என்ற கவலையோடு. "அன்னைக்கு நீ எங்க போயிருந்தே?"

சார் தாயாரின் கையிலிருந்த பாட்டிலை வாங்கி ஆண்டியண்ணனிடம் கொடுத்தார்.

"இங்கதானுங்க ஆத்தா இருந்தேன்" என்றார்.